ஷிமோனடா: கடலைப் பார்த்து நிற்கும் ஆளில்லா ஸ்டேஷன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஜப்பானின் ஷிகோகு தீவில், மட்சுயாமா நகரத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஷிமோனடா ஸ்டேஷனுக்கு ஏழெட்டு முறை போயிருப்பேன். நீலக் கடல், ஒரு பெஞ்சு, சின்னக் கூரை, நாலைந்து தூண்கள் என்று அந்த ஸ்டேஷனின் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். நான் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்ட கேள்விகளை, பதிலோடு ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்த ஸ்டேஷன் சரியாக எங்கே இருக்கிறது?

ஷிகோகு தீவின் மேற்குப் பக்கம், எஹிமே மாநிலத்தில், இயோ நகராட்சியின் ஃபுதாமி பகுதியில் இருக்கிறது. ஜே.ஆர். ஷிகோகு என்ற ரயில் நிறுவனத்தின் யோசான் பாதையில் வரும் நிறுத்தம். மட்சுயாமாவிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். எதிரே தெரிவது செட்டோ உள்நாட்டுக் கடலின் இயோனடா பகுதி. 'நடா' என்றால் விரிந்த, அலை மிகுந்த கடற்பரப்பு. 'ஷிமோ' என்றால் கீழ். முந்தைய ஸ்டேஷன்களில் ஒன்றின் பெயர் இயோ-காமினடா. 'காமி' என்றால் மேல். ஆக, மேல்கடல், கீழ்கடல் என்று இரண்டு ஊர்கள்.

ஆளில்லா ஸ்டேஷன் என்றால் யாருமே இருக்க மாட்டார்களா?

ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, டிக்கெட் கவுன்ட்டர் இல்லை, டிக்கெட் பார்க்க வாசலில் ஆளும் இல்லை. ஜப்பானியர்கள் இதை 'முஜின் எகி' என்கிறார்கள். இது ஏதோ அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். ஜப்பான் அரசின் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2019-இல் நாட்டில் இருந்த 9,465 ஸ்டேஷன்களில் 4,564 ஆளில்லாதவை. கிட்டத்தட்ட பாதி! 2001-இல் இது 43 சதவீதமாக இருந்தது. கிராமங்களில் ஜனம் குறையக் குறைய, கவுன்ட்டர்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகிறார்கள்.

அப்படியானால் டிக்கெட் எப்படி எடுப்பது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதல் தடவை நானும் இதில்தான் தடுமாறினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தப் பாதையில் ஓடுவது பெரும்பாலும் ஒரே ஒரு பெட்டி கொண்ட டீசல் ரயில். அதில் டிரைவர் மட்டும்தான், கார்டு கிடையாது. இந்த முறைக்கு அங்கே 'வான்மான்' என்று பெயர், ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்ட சொல். பின்பக்கக் கதவில் ஏற வேண்டும். ஏறியவுடன் கை எட்டும் இடத்தில் ஒரு சின்ன இயந்திரம் இருக்கும். அதிலிருந்து நாக்கு நீட்டியதுபோல ஒரு துண்டுக் காகிதம் எட்டிப் பார்க்கும். பஸ் டிக்கெட்டைவிடச் சின்னது. அதில் ஓர் எண் அச்சாகியிருக்கும். இதுதான் 'சேய்ரிகென்'. நீங்கள் எந்த ஸ்டேஷனில் ஏறினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. தொலைத்துவிடாதீர்கள்.

டிரைவர் தலைக்கு மேலே ஒரு பலகை இருக்கும். உங்கள் காகிதத்தில் 4 என்று இருந்தால், பலகையில் 4-க்குக் கீழே காட்டும் தொகைதான் உங்கள் கட்டணம். ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போகப் போகத் தொகை ஏறும். இறங்கும்போது முன்பக்கக் கதவுக்கு வந்து, காகிதத்தையும் காசையும் டிரைவர் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். பெட்டி மீதி தராது. பக்கத்திலேயே சில்லறை மாற்றும் இயந்திரம் இருக்கிறது, ஆனால் ஆயிரம் யென் நோட்டைத்தான் நம்பலாம். பத்தாயிரம் யென் நோட்டை நீட்டிக்கொண்டு நின்றால், உங்களால் ரயிலே காத்திருக்கும். எனவே ரயில் நிற்பதற்கு முன்பே சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் தட்டிவிட்டுப் போகும் கார்டு இங்கே உதவாது, கையில் காசு வேண்டும்.

மட்சுயாமாவில் ஏறுகிறவர்களுக்கு இத்தனை வேலை இல்லை. அங்கேயே ஷிமோனடா வரை டிக்கெட் வாங்கிக்கொண்டு, இறங்கும்போது டிரைவரிடம் காட்டி, அவரிடமே கொடுத்துவிட்டால் போதும். திரும்பி வரும்போதுதான் சேய்ரிகென்.

யாரும் பார்க்கவில்லை என்றால் காசு தராமல் இறங்கிவிட முடியாதா?

டிரைவர் பார்க்கிறார். ஆளில்லா ஸ்டேஷன்களில் முன்கதவு மட்டுமே இறங்குவதற்குத் திறக்கும். அவரைத் தாண்டாமல் வெளியே போக வழியில்லை. ஒவ்வொருவரிடமும் நன்றி சொல்லித்தான் அனுப்புவார். வெள்ளைக் கையுறை போட்ட கையால் சிக்னலைச் சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பெட்டியில் நான் ஒருவன் மட்டும் இருந்த நாளிலும் அதில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. அந்தக் கை அசைவை நான் இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவு சின்ன ஸ்டேஷன் எப்படி இவ்வளவு பிரபலமானது?

ஒரு ரயில் டிக்கெட்டின் விளம்பரத்தால். 'செய்ஷுன் 18' என்று ஒரு சலுகை டிக்கெட் உண்டு, 1982-இல் தொடங்கியது. செய்ஷுன் என்றால் இளமை. பெயரில் 18 இருந்தாலும் வயது வரம்பு கிடையாது, பாட்டிகளும் வாங்கலாம். புல்லட் ரயிலிலும் எக்ஸ்பிரஸிலும் ஏற முடியாது; சாதாரண ரயில்களில் மட்டும், பள்ளி விடுமுறைக் காலங்களில், நாடு முழுக்கச் சுற்றலாம். அந்த டிக்கெட்டின் போஸ்டர்கள் எப்போதும் ஏதாவது ஓர் ஒதுக்குப்புற ஸ்டேஷனைத்தான் காட்டும். 1998-இலிருந்து 2000-க்குள் மூன்று முறை ஷிமோனடா வந்தது. கடலைப் பார்த்த அந்தக் காலி நடைமேடையைப் பார்த்தவர்களுக்கு, ஒரு நாளாவது அங்கே போய் இறங்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அப்புறம் கைபேசி கேமரா வந்தது, மற்றதை அது பார்த்துக்கொண்டது.

இந்த டிக்கெட்டில் போக நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2024 குளிர்காலத்திலிருந்து விதிகள் மாறிவிட்டன. முன்பு ஐந்து நாட்களை விருப்பம்போல் பிரித்துப் பயன்படுத்தலாம், ஒரே டிக்கெட்டை நண்பர்களோடு பகிரலாம். இப்போது தொடர்ச்சியாக 3 நாள் அல்லது 5 நாள், ஒருவருக்கு மட்டும். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுத் திட்டம் போடாதீர்கள்.

ஜப்பானிலேயே கடலுக்கு மிக அருகில் இருக்கும் ஸ்டேஷன் இதுதானா?

ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நடைமேடைக்குக் கீழேயே அலை வந்து அடித்துக்கொண்டிருந்ததாம். பிறகு கடலோரத்தை நிரப்பி 378-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் போட்டார்கள். இப்போது நடைமேடை, சரிவு, சாலை, அப்புறம்தான் கடல். ஆனால் ஸ்டேஷன் மேட்டில் இருப்பதால் பெஞ்சில் உட்கார்ந்தால் சாலை கண்ணில் படாது, தண்ணீர்தான் தெரியும். ஒரு லாரி போகும் சத்தம் மட்டும் அவ்வப்போது கீழிருந்து வரும்.

எக்ஸ்பிரஸ் ரயில்கள் ஏன் இங்கே வருவதில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் ஷிமோனடாவின் கதையே இதில்தான் இருக்கிறது.

இந்த ஸ்டேஷன் திறந்தது 1935 ஜூன் 9. அப்போது தண்டவாளம் இங்கேயே முடிந்தது. நாலு மாதம் கழித்து, அந்த வருட அக்டோபரில்தான் பாதை இயோ-நாகஹாமா வரை நீண்டது. அதன்பின் ஐம்பது வருடம் இதுதான் பிரதான வழி. மலை நேராகக் கடலில் இறங்கும் இடம் அது. மலைக்கும் அலைக்கும் நடுவே கிடைத்த விளிம்பில் ஒற்றைத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். வளைவுகள் அதிகம், வேகம் எடுக்க முடியாது, மழைக்காலத்தில் மண்சரிவு பயம் வேறு.

1986 மார்ச் 3-ஆம் தேதி, ஷிமோனடாவுக்கு முன்பே வரும் முகாய்பாரா ஸ்டேஷனிலிருந்து மலையைக் குடைந்து, உச்சிகோ என்ற ஊர் வழியாகப் புதுப் பாதை திறந்தது. எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் அன்றோடு அந்தப் பக்கம் போய்விட்டன. கடலோரப் பாதைக்கு மிஞ்சியது உள்ளூர் ரயில்கள் மட்டும். அடுத்த வருடம் தேசிய ரயில்வேயே பிரிக்கப்பட்டு ஜே.ஆர். நிறுவனங்கள் வந்தன.

ஊர்க்காரர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! நேற்று வரை வாசல் வழியே போன எக்ஸ்பிரஸ் இனி வராது. ஆனால் அவர்கள் அதே 1986-இல் ஒரு காரியம் செய்தார்கள். இந்த நடைமேடையை மேடையாக்கி, சூரியன் மறையும் நேரத்தில் இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். நடுவில் ரயில் வந்தால் பாட்டு நிற்கும்; ரயில் கிளம்பியதும் தொடரும். அது பல வருடங்கள் தொடர்ந்து நடந்தது. போஸ்டர் வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, இந்த ஸ்டேஷனின் சூரிய அஸ்தமனத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் இந்த ஊர் மக்கள்தான். விளம்பரம் பிறகுதான் வந்தது. இதை யாரும் அதிகம் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஊழியர் இல்லாமல் இவ்வளவு சுத்தமாக எப்படி இருக்கிறது?

ஒரு முறை காலை ரயிலில் போய் இறங்கினேன். சிறிய மரக் கட்டடம்தான் ஸ்டேஷன். உள்ளே காத்திருக்க ஓர் அறை. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, தலையில் துணி கட்டிக்கொண்டு, வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். பூச்செடிகளில் காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி, இடுப்பில் கட்டியிருந்த துணியின் பையில் போட்டுக்கொண்டார். ரயில்வே ஊழியரா என்று என் அரைகுறை ஜப்பானிய மொழியில் கேட்டேன். இல்லை, வீடு பக்கத்தில்தான் என்றார்.

ஆளில்லா ஸ்டேஷன் என்பது சம்பளத்துக்கு ஆள் இல்லாத ஸ்டேஷன், அவ்வளவுதான். நீங்கள் போட்டுவிட்டு வரும் காப்பிக் குவளையை எடுக்கப் போவது அப்படி ஒருவர்தான். அங்கே குப்பைத் தொட்டியை எதிர்பார்க்காதீர்கள், உங்கள் குப்பை உங்கள் பையிலேயே திரும்பட்டும்.

காரில் போகலாமா?

போகலாம், நிறையப் பேர் போகிறார்கள். ஆனால் தயவுசெய்து ரயிலில் போங்கள் என்றுதான் சொல்வேன். ஊர்ப் பாதைகள் மிகக் குறுகல். விடுமுறை நாட்களில் வண்டிகள் அடைத்துக்கொண்டு, வீட்டுக்காரர்கள் தங்கள் வண்டியை எடுக்க முடியாமல் நிற்கிறார்கள். நடைமேடையில் படம் எடுக்கும் கூட்டத்தில், நிஜமாகவே ரயில் ஏற வந்த பள்ளிப் பையன் ஓரமாக ஒதுங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அது அவனுடைய ஸ்டேஷன்.

இன்னொன்று. படத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். இறங்கி நிற்பவரைத் தூரத்திலேயே பார்த்து எச்சரிக்க அங்கே ஊழியர் இல்லை.

எப்போது போனால் நல்லது?

சூரிய அஸ்தமனத்துக்கு. ஜூன் கடைசியில் ஏழரை மணிக்குச் சற்று முன்பும், டிசம்பர் தொடக்கத்தில் ஐந்து மணி வாக்கிலும் சூரியன் மறையும். எஹிமே ஜப்பானின் மேற்கில் இருப்பதால் டோக்கியோ நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆனால் என் மனதில் நிற்பது ஒரு பிப்ரவரிக் காலைதான். யாருமே இல்லை, கடல் ஈயத் தகடு மாதிரி கிடந்தது, பெஞ்சின் மரத்தில் இரவு ஈரம் இன்னும் காயவில்லை. கூட்டம் வேண்டாம் என்றால், வாரநாள் காலையில் போங்கள்.

'இயோனடா மோனோகதாரி' ரயில் என்றால் என்ன?

இந்தக் கடலோரப் பாதையில் ஓடும் சுற்றுலா ரயில். 2014 ஜூலையில் தொடங்கியது, 2022-இல் வேறு பெட்டிகளுக்கு மாறியது. முன்பதிவு கட்டாயம். உள்ளே சாப்பாடு உண்டு, ஜன்னலோரம் கடல். ஷிமோனடாவில் எல்லோரும் இறங்கிப் படம் எடுக்கச் சிறிது நேரம் நிற்கும். வழியெல்லாம் ஊர்க்காரர்கள் வீட்டு வாசலிலும் வயலிலும் நின்று கையசைப்பார்கள். யாரும் சம்பளம் கொடுத்து நிறுத்தவில்லை. ரயில் தொடங்கிய அந்த 2014-இலேயே இந்தப் பாதைக்கு 'அன்புள்ள இயோனடா பாதை' என்று செல்லப் பெயரும் வைத்தார்கள்.

கடலுக்குள் இறங்கிப் போகும் தண்டவாளம் இங்கேதானே இருக்கிறது?

ஸ்டேஷனில் இல்லை, சிறிது தூரம் நடக்க வேண்டும். அதில் ரயில் எதுவும் ஓடியதில்லை. படகுகளைக் கரைக்கு இழுக்கவும் தண்ணீரில் இறக்கவும் படகுப் பட்டறைக்காரர்கள் போட்டது.

ஒரே ஒரு மாணவிக்காக ஜப்பானில் ஒரு ஸ்டேஷனைத் திறந்து வைத்திருந்தார்களாமே, அது இதுதானா?

இல்லை. வாட்ஸ்அப்பில் தமிழிலும் சுற்றிய அந்தக் கதை ஹொக்கைடோ தீவைச் சேர்ந்தது, ஷிமோனடாவிலிருந்து வெகு தூரம். செகிஹோகு பாதையில் காமி-ஷிராதாகி, க்யூ-ஷிராதாகி, ஷிமோ-ஷிராதாகி என்று மூன்று சின்ன ஸ்டேஷன்கள் 2016 மார்ச் 26-ஆம் தேதி ஒரே நாளில் மூடப்பட்டன. க்யூ-ஷிராதாகியிலிருந்து பள்ளிக்குப் போன ஒரு மாணவி அந்த மார்ச்சில் படிப்பை முடித்தது உண்மை. ஆனால் சுற்றிய செய்தியில் ஸ்டேஷன் பெயரே மாறி, காமி-ஷிராதாகி என்று வந்தது. ஜப்பானில் ரயில் அட்டவணை பொதுவாக மாறுவதும் மார்ச்சில், பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில். அவளுக்காகவே ரயில் நேரத்தை வைத்தார்கள் என்பதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டது. கிராமத்து ரயிலில் கடைசி வரை ஏறுகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள்தான் என்பது மட்டும் எல்லாப் பாதைக்கும் பொருந்தும்.

சக்கர நாற்காலியில் வருபவர்கள், பார்வையற்றவர்கள் எப்படிப் பயன்படுத்துவது?

சிரமம்தான். இதை மறைத்துப் பேசக்கூடாது. பழைய டீசல் பெட்டிகளின் வாசலில் படி இருக்கும், சாய்தளம் போட நடைமேடையில் ஆள் இல்லை. ரயில்வேயிடம் முன்கூட்டியே பேசித்தான் போக வேண்டும். மற்றவர்கள் நினைத்தவுடன் கிளம்பும்போது, நாங்கள் மட்டும் ஏன் முன்பே சொல்லிவிட்டு வர வேண்டும் என்று கேட்டு, 2020-இல் க்யூஷு தீவின் ஒய்டாவில் மாற்றுத்திறனாளிகள் ரயில் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 2022 ஜூலையில் போக்குவரத்து அமைச்சகம் ஆளில்லா ஸ்டேஷன்களுக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆளை எடுத்துவிட்டுக் கேமராவும் தொலைபேசியும் வைத்தால் போதும் என்ற எண்ணம் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

இவ்வளவு கூட்டம் வருகிறதே, இந்தப் பாதைக்கு ஆபத்து இல்லைதானே?

இருக்கிறது. 2023-இல் ஜே.ஆர். ஷிகோகு, எதிர்காலம் பற்றி உள்ளாட்சிகளோடு பேச வேண்டும் என்று குறிப்பிட்ட பகுதிகளில் முகாய்பாராவிலிருந்து கடலோரமாக இயோ-ஓசு வரையுள்ள இந்தத் துண்டும் ஒன்று. பாதையின் ஒரு கிலோமீட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 1,000 பயணிகளுக்குக் கீழே இருந்தால், பாதையை எப்படி நடத்துவது என்று உட்கார்ந்து பேசலாம் என்பது ஜப்பானில் இப்போதைய அளவுகோல். இந்தத் துண்டு அதற்குக் கீழே இருக்கிறது. காரில் வந்து படம் எடுத்துப் போகும் ஆயிரம் பேர் இந்தக் கணக்கில் ஒருவராகக்கூட வரமாட்டார்கள். ரயிலில் போங்கள் என்று மேலே கெஞ்சியதற்கு இதுவும் காரணம்.

இதேபோல வேறு ஸ்டேஷன்கள் சொல்லுங்களேன்.

ஷிகோகுவிலேயே தோகுஷிமா மாநிலத்தில் ட்சுபோஜிரி. ரயில் முன்னும் பின்னும் நகர்ந்து சரிவில் ஏறும் இடம், சுற்றிலும் காடு. கும்மா மாநிலத்தின் டோயாய். சுரங்கத்துக்குள் இருக்கும் நடைமேடையிலிருந்து வெளியே வர மொத்தம் 486 படிகள். ஹொக்கைடோவின் கோபோரோ, இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே, சாலையே இல்லாத இடம், டோயோவுரா என்ற சிற்றூர் செலவை ஏற்று அதை உயிரோடு வைத்திருக்கிறது. வகாயாமாவில் கிஷி, ஆள் இல்லாமல் போன பிறகு 2007-இல் தாமா என்ற பூனையை ஸ்டேஷன் மாஸ்டராக நியமித்தார்கள். தாமா 2015-இல் இறந்துவிட்டது, அதன் பிறகும் பூனைகள்தான் பொறுப்பில். நான் போனது ட்சுபோஜிரிக்கு மட்டும்.

திரும்பும் ரயிலைத் தவறவிட்டால் என்ன செய்வது?

இறங்கியவுடன் முதல் வேலையாக, சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரயிலுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் வேளைகள் உண்டு. கடைகள் மிகக் குறைவு; தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் மட்சுயாமாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒரு முறை அஸ்தமனத்தின் கடைசிச் சிவப்புக்காக ஒரு ரயிலை வேண்டுமென்றே விட்டேன். இருட்டிய பிறகு நடைமேடையில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, வளைவுக்கு அப்பால் மலையோரத்து மரங்களில் முதலில் வெளிச்சம் ஏறியது; அப்புறம் டீசல் எஞ்சினின் உறுமல்; அதற்குப் பிறகுதான் ரயில். பின்கதவில் ஏறி, சேய்ரிகென்னை எடுத்துக்கொண்டேன்.